விடியக்காலம் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் வேன்: கோளாறு எங்கே?

நுவரெலியா, கந்தப்பளை, இராகலை பக்கத்துத் தோட்டங்களில் தை, மாசி மாதங்களில் விடியக்காலம் லயத்து வாசலில் நின்றால், பிரட்டுக்குப் போகிறவர்களின் பேச்சுச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் காதில் விழும். "கிர்ர்... கிர்ர்... கிர்ர்..." என்று ஒரு பழைய டீசல் வேன் ஸ்டார்ட் ஆகாமல் முனகுகின்ற சத்தம். கொஞ்ச நேரத்தில், "தம்பிமாரே, கொஞ்சம் வந்து தள்ளுங்கடா!" என்ற குரலும் வரும்.

அந்த ஒரு வேனை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள்! டவுன் பாடசாலைக்குப் போக வேண்டிய பிள்ளைகள், கிளினிக்குக்குப் போக வேண்டிய கர்ப்பிணித் தாய், மரக்கறி மூட்டையைச் சந்தையில் இறக்க வேண்டியவர் என்று எல்லோரும் காத்துக்கொண்டு நிற்பார்கள். வேனை வைத்திருப்பவரும் பெரிய முதலாளி இல்லை. வீட்டில் இருந்த நகையை அடகு வைத்து, மிச்சத்துக்கு லீசிங் போட்டு வாங்கியவராகத்தான் இருப்பார். ஒரு நாள் வண்டி நின்றால் அந்த நாள் வருமானம் போச்சு. ஆனால் லீசிங் தவணை நிற்காது.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி வழி திறந்தது. இடையிலே இருந்த ஐந்து வருசமும் இருக்கிற பழைய வண்டிகளையே ஒட்டி, தைத்து ஓட்ட வேண்டி வந்தது. அதனால்தான் முப்பது வருசத்துக்கு முந்திய லைட்ஏஸ், டவுன்ஏஸ், "டொல்பின்" என்று நாம் சொல்லும் ஹயேஸ் வேன்கள் இன்னும் மலைநாட்டு ரோட்டில் ஓடுகின்றன. நல்ல வண்டிகள்தான். ஆனால் வயது போன மனிதருக்குக் குளிர் காலத்தில் மூட்டு பிடிப்பது போல, இவற்றுக்கும் விடியக்காலம் கஷ்டம்தான்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் சிலர் நேரே கராஜுக்குக் கட்டி இழுத்துப் போகிறார்கள். அங்கே "டீசல் பம்ப் போச்சு" என்ற ஒரு சொல்லோடு பெரிய பில் வந்துவிடுகிறது. பம்பைக் கழற்றி, செய்து, திரும்பப் பூட்டிய பிறகும் அடுத்த விடியக்காலம் அதே முனகல். கடைசியில் பார்த்தால் ஒரு இறப்பர் குழாய் வெடித்திருக்கும், அல்லது பெட்டரி கம்பி பூஞ்சணம் பிடித்திருக்கும். இந்தக் கட்டுரை உங்களை மெக்கானிக் ஆக்குவதற்கு அல்ல. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற ஒழுங்கைத் தெரிந்துகொண்டால், வீண் செலவு பாதி குறையும்.

டீசல் எஞ்சினுக்கு என்ன வேண்டும்?

பெற்றோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இருக்கிறது. அது பொறி தட்டி எரிபொருளைப் பற்ற வைக்கும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. ருடால்ஃப் டீசல் என்ற ஜேர்மன் பொறியியலாளர் 1897இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படையே இதுதான்: காற்றை நெருக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கையால் தொட்டிருப்பீர்கள். அதே விசயம்தான். நம் வேன் எஞ்சினில் காற்று இருபது மடங்குக்கும் மேலாக நெருக்கப்படுகிறது. அப்போது வரும் சூட்டில், நொசில் வழியாகப் பூந்தூறலாக வரும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது.

ஆகவே எஞ்சின் ஸ்டார்ட் ஆக நான்கு விசயம் சரியாக இருக்க வேண்டும்.

1. எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். (பெட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டர்)

2. குளிர் நேரத்தில் உள்ளே கொஞ்சம் சூடு வேண்டும். (ஹீட்டர் பிளக்)

3. சுத்தமான டீசல், எயார் இல்லாமல், நேரத்துக்கு வர வேண்டும். (டாங்கி, குழாய், பில்டர், பம்ப், நொசில்)

4. நெருக்கிய காற்று வெளியே ஒழுகாமல் நிற்க வேண்டும். (பிஸ்டன் ரிங், வால்வு, ஹெட்)

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செலவும் அதே வரிசையில்தான் கூடிக்கொண்டு போகிறது. மேலே இருப்பது மலிவு, கீழே இருப்பது விலை. அதனால் மேலேயிருந்துதான் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

நம் மலைநாட்டில் ஏன் கூடுதல் கஷ்டம் என்றும் கேட்பீர்கள். நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைவு. நெருக்குவதற்குக் கிடைக்கும் காற்றே குறைவு. அதுவும் குளிர்ந்த காற்று. எஞ்சின் ஒயிலும் குளிரில் தடித்துப் போகும். பெட்டரியின் வலுவும் குறையும். கொழும்பில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆன வேன் இராகலைக்கு வந்து மக்கர் பண்ணுவதற்குக் காரணம் இதுதான். வித்தவர் ஏமாற்றிவிட்டார் என்று எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாதீர்கள்.

முதலில் காதால் கேளுங்கள்

பொனட்டைத் திறப்பதற்கு முன்பு, சீட்டைத் தூக்குவதற்கு முன்பு, சாவியைத் திருப்பி என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். இன்னொருவரை முன்னே நின்று லைட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். (நியூட்ரல் கியர், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். சில்லுக்குக் கல்லும் வைத்திருக்க வேண்டும்.)

லைட் மங்கி அணைந்துபோனால்: பெட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது கம்பி முனை இறுக்கமில்லை.

லைட் நன்றாக எரிந்துகொண்டே இருக்க, "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால்: ஸ்டார்ட்டர் மோட்டரின் சொலனொய்டில் கோளாறு. உள்ளே இருக்கும் செம்புத் துண்டுகள் தேய்ந்திருக்கலாம். பழைய டொயோட்டா வண்டிகளில் இது அடிக்கடி வருகிற வருத்தம். முழு ஸ்டார்ட்டரையும் மாற்றத் தேவையில்லை. செம்புத் துண்டுகளை மட்டும் மாற்றித் தர எலக்ட்ரிக் வேலை செய்யும் பாஸிடம் கேளுங்கள்.

லைட் மங்கவும் இல்லை, "டக்" சத்தமும் இல்லை என்றால்: சாவி சுவிட்ச், பியூஸ், அல்லது ஸ்டார்ட்டருக்குப் போகும் சின்ன வயர்.

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால்: இதுதான் குளிர் நேரத்தில் கூடுதலாக நடப்பது. மெதுவாகச் சுற்றினால் காற்று நெருங்கும்போதே சூடு ஆறிப்போகும். டீசல் பற்றாது. வேறு எந்தக் கோளாறும் இல்லாமல் இது ஒன்றே போதும், வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருக்க.

எஞ்சின் வழமையை விட வேகமாக, பாரமே இல்லாமல் "சர்ர்ர்" என்று சுற்றினால்: உடனே சாவியை விடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். திரும்பத் திரும்பச் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் இடித்துச் சேதம் கூடும். இந்த வேன்கள் பலவற்றில் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டேஷ்போர்டில் டைமிங் பெல்ட் லைட் எரியும். அதை "சும்மா எரியுது" என்று பல்பைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. அந்த லைட் ஒரு பெல்ட் விலையைத்தான் கேட்கிறது. கேட்காமல் விட்டால் முழு எஞ்சினின் விலையைக் கேட்கும்.

பெட்டரியும் கம்பியும்

சின்ன மீட்டர் ஒன்று ஹார்ட்வெயார் கடையில் வாங்கலாம். நான்கு ஐந்து வேன்காரர் சேர்ந்து ஒன்று வைத்துக்கொண்டாலும் போதும். இரவு முழுக்க நின்ற பெட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்த பெட்டரி. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் காலி. சாவியைத் திருப்பி எஞ்சின் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கும் நன்றாகக் கீழே இறங்கினால் பெட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் டைனமோ சார்ஜ் பண்ணவில்லை. அப்படியானால் புதுப் பெட்டரி வாங்கிப் போட்டாலும் ஒரு கிழமையில் அதே கதைதான்.

பெட்டரி முனையில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பூட்டும்போது கடைசியாக நெகட்டிவ். சுடுதண்ணீரில் கொஞ்சம் அப்பச்சோடா கரைத்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். அந்தத் தண்ணீர் பெட்டரிக்குள்ளே போகக் கூடாது. காய்ந்ததும் இறுக்கிப் பூட்டி மேலே கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். பெட்டரியிலிருந்து பொடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் கம்பியை மறக்காதீர்கள். முனை துருப்பிடித்த எர்த் கம்பியால் நல்ல பெட்டரியைத் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டரிப் பக்கத்தில் நெருப்புக்குச்சி, பீடி, குப்பி விளக்கு எதுவும் வேண்டாம். சார்ஜ் ஆகும் பெட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்கும். டோர்ச் லைட் பாவியுங்கள்.

அடுத்து புகையைப் பாருங்கள்

எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இப்போது ஒருவர் பின்னால் சைலன்சர் பக்கம் நின்று பார்க்க வேண்டும். நேர் பின்னால் அல்ல, ஒரு பக்கமாக நிற்க வேண்டும். இந்த ஒரு பார்வை கோளாறின் பாதியைச் சொல்லிவிடும்.

புகையே இல்லை: டீசல் எஞ்சினுக்குள் போகவில்லை. ஹீட்டர் பிளக்கைக் குறை சொல்ல வேண்டாம். டீசல் வரும் பாதையைப் பாருங்கள்.

டீசல் மணத்தோடு வெள்ளைப் புகை: டீசல் போகிறது, பற்றவில்லை. அதாவது உள்ளே சூடு போதாது. ஹீட்டர் பிளக், மெதுவாகச் சுற்றுவது, அல்லது நெருக்கம் குறைந்த எஞ்சின்.

கறுப்புப் புகை: டீசல் கூட, காற்று குறைவு. எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். தோட்டத்து மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது சீக்கிரம் அடைபடும்.

நீலப் புகை: எஞ்சின் ஒயில் எரிகிறது. எஞ்சின் தேய்மானம்.

ஸ்டார்ட் ஆகி எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வெள்ளை ஆவி வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டு போனால்: தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்குகிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட் வெடித்திருக்கலாம். லைட்ஏஸ், டவுன்ஏஸ் வேன்களில் வரும் 2சி எஞ்சினில், தண்ணீர் குறைந்து சூடேறினால் ஹெட் வெடிப்பது பலரும் அறிந்த விசயம். இந்த வண்டியை மேலும் ஓட்டாமல் நல்ல கராஜில் காட்டுங்கள்.

ஹீட்டர் பிளக்

சாவியைப் பாதி திருப்பியதும் டேஷ்போர்டில் சுருள் கம்பி போன்ற ஒரு மஞ்சள் லைட் எரிந்து அணையும். "லைட் எரியுது, அப்ப ஹீட்டர் வேலை செய்யுது" என்று நினைப்பது தவறு. பல பழைய வண்டிகளில் அந்த லைட் ஒரு நேரக் கணக்கில் எரிந்து அணைகிறது. பிளக் நான்கும் செத்திருந்தாலும் அது எரியும்.

சுலபமான சோதனை ஒன்று: இருட்டில் வேனுக்குள் இருக்கும் சின்ன லைட்டைப் போடுங்கள். சாவியைப் பாதி திருப்புங்கள். ஹீட்டர் பிளக் கரண்ட் எடுத்தால் அந்த லைட் கொஞ்சம் மங்கும். ரிலே விட்டதும் மறுபடி பளிச்சென்று வரும். மங்கவே இல்லை என்றால் பிளக்குகளுக்குக் கரண்ட் போகவில்லை. முதலில் பியூஸ், ரிலே, வயர் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பிளக்காகச் சோதிக்க, அவற்றைச் சேர்க்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை பெட்டரி பொசிட்டிவ்வில் மாட்டி, மற்ற வயரைப் பிளக்கின் நுனியில் தொடுங்கள். பல்பு எரிந்தால் அந்தப் பிளக்கில் கம்பி அறுபடவில்லை. எரியாவிட்டால் பிளக் செத்தது. நான்கில் ஒன்று போனால் வண்டி நடுங்கி நடுங்கியாவது ஸ்டார்ட் ஆகும். இரண்டு மூன்று போனால் மாசி மாதக் குளிரில் கஷ்டம்தான்.

ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பெட்டரியில் நேரே தொட்டு "சிவக்குதா" என்று பார்க்க வேண்டாம். சில டொயோட்டா வண்டிகளில் வரும் பிளக் 12 வோல்ட்டுக்கு அல்ல, அதை விடக் குறைந்த வோல்ட்டுக்குச் செய்தது. நேரே கொடுத்தால் நல்ல பிளக்கும் எரிந்துபோகும். புதுப் பிளக் வாங்கும்போதும் பழையதைக் கையில் கொண்டுபோய், அதில் அடித்திருக்கும் இலக்கத்தைக் காட்டி வாங்குங்கள்.

டீசல் பாதை: எயாரும் தண்ணீரும்

ஓட்டுநர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல் "எயார் பிடிச்சிருக்கு". டாங்கியிலிருந்து எஞ்சின் வரை வரும் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் போதும். வெளியே டீசல் ஒழுகாது. ஆனால் உள்ளே காற்று போகும். இரவில் குழாயிலுள்ள டீசல் மெதுவாக டாங்கிக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் பம்புக்குக் கிடைப்பது வெறும் காற்று.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பில்டரின் மேலே கையால் அமுக்கும் ஹேண்ட் பம்ப் இருக்கிறது. காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்பு அதை அமுக்கிப் பாருங்கள். உடனே கடினமாக இருந்தால் டீசல் இருக்கிறது. இருபது முப்பது தடவை அமுக்கிய பிறகுதான் கடினமாகிறது, அதன் பிறகு வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிறது என்றால், கோளாறு எயார்தான். பெரிய டீசல் பம்பைக் கழற்றத் தேவையில்லை.

இன்னொரு அடையாளம்: வண்டியை மேடு நோக்கி நிறுத்தினால் காலையில் கஷ்டம், பள்ளம் நோக்கி நிறுத்தினால் சுகம். மேடு நோக்கி நிற்கும்போது எஞ்சின் டாங்கியை விட இன்னும் உயரத்தில் இருக்கும். டீசல் பின்னுக்கு இறங்குவது லேசு. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதற்காகவே இறக்கம் பார்த்து நிறுத்தும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், இந்தக் கோளாறு மாதக் கணக்கில் மறைந்து கிடக்கிறது.

பார்க்க வேண்டிய இடங்கள்: பில்டரின் வளையம், ஹேண்ட் பம்பின் இறப்பர், இறப்பர் குழாய்கள் மாட்டியிருக்கும் கிளிப்கள், நொசில்களுக்கு மேலே மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் சின்னக் குழாய். இவை எல்லாமே மலிவான சாமான்கள். பில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு துண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்த்தால், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

வண்டி ஸ்டார்ட் ஆகிப் பத்து இருபது செக்கனில் நின்றுபோனால் அதுவும் எயாராக இருக்கலாம், அல்லது பில்டர் அடைப்பு. டாங்கி மூடியில் காற்று வரும் துளை அடைபட்டாலும் இப்படி நடக்கும். மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஓடினால் கோளாறு மூடியில்தான்.

புகையே இல்லாமல், ஹேண்ட் பம்பும் கடினமாக இருந்தால் இன்னொரு சின்ன விசயம் பாக்கி. டீசல் பம்பின் மேல் ஒரு வயர் போகும். அதுதான் எஞ்சினை நிறுத்துகிற சொலனொய்ட். சாவியைப் போட்டதும் அதில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பியூஸ் போயிருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம். ஒரு பியூஸுக்காக முழுப் பம்பும் கழற்றப்பட்ட கதைகள் உண்டு.

இனித் தண்ணீர். 2022இல் டீசலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்று தொடங்கி, கேனிலும் பரலிலும் டீசல் சேர்த்து வைக்கும் பழக்கம் சில வீடுகளில் வந்துவிட்டது. சேர்த்து வைத்த டீசலில் மலைநாட்டுப் பனிக்குத் தண்ணீர் சேரும், தூசும் சேரும். பில்டரின் அடியில் இருக்கும் சின்ன மூடியைத் தளர்த்தி, கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் பாரமானபடியால் அடியில் தனியாக நிற்கும். தண்ணீர் இருந்தால் வெறும் டீசல் வரும் வரை வடித்துவிடுங்கள்.

டீசலோடு மண்ணெண்ணெய் கலக்கும் வேலையும் வேண்டாம். டீசல்தான் அந்தப் பம்புக்கு ஒயிலும். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. இன்று மிச்சம் பிடிக்கிற காசு நாளைக்குப் பம்ப் கடைக்குப் போகும்.

குளிரிலா, சூட்டிலா?

கராஜ் பாஸ் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். காலையில் கஷ்டம், பகலில் சுகம் என்றால் ஹீட்டர் பிளக், பெட்டரி, எயார் என்ற மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். காலையில் சுகம், ஆனால் ஹட்டன் வரை ஓடி நிறுத்திய பிறகு சூட்டோடு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், முதலில் ஸ்டார்ட்டர் நல்ல வேகத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை, எஞ்சின் ஆறிய பிறகு உடனே பிடிக்கிறது என்றால், அப்போதுதான் டீசல் பம்பின் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த பம்புக்குள்ளேயே ஒழுகிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தினமும் வெள்ளைப் புகையோடு கஷ்டப்பட்டால், எஞ்சின் நெருக்கம் குறைந்திருக்கலாம். ஓடும் எஞ்சினில் ஒயில் மூடியைத் திறந்து பார்க்கும்போது குபுகுபுவென்று ஊதினால் அது ஓர் அடையாளம். மீட்டர் வைத்து நான்கு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்.

செய்யக் கூடாதவை

ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து செக்கனுக்கு மேல் ஒரே மூச்சில் பிடிக்காதீர்கள். ஒரு நிமிசமாவது ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் எரியும், பெட்டரியும் சாகும்.

எயார் பில்டரைக் கழற்றி நெருப்புப் பந்தம் காட்டுவது, பெற்றோல் ஊற்றுவது, ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது வேண்டவே வேண்டாம். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அது வெடித்துப் பிஸ்டனும் உடையும், முகமும் கருகும்.

எயார் எடுக்க நொசில் நட்டைத் தளர்த்தும்போது கையையோ முகத்தையோ கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அங்கே இருக்கும் அழுத்தம் டயரில் இருப்பதை விட ஐம்பது மடங்குக்கும் மேல். தோலைத் துளைத்து டீசல் உள்ளே போகும். பார்த்தால் ஊசி குத்தியது போலத்தான் இருக்கும்; வலிகூட உடனே தெரியாது. ஆனால் விரலையே இழக்க நேரும். அப்படி நடந்தால் மருந்து பூசிக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதைப் பற்றி விசேசமாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவி செய்யும் வெக்கியூம் இல்லை. இரண்டு தடவை மிதித்ததும் பிரேக் கல்லுப் போல ஆகிவிடும். நம் தோட்டத்து ரோடுகள் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டு இறக்கத்தில் வண்டியை விடுவது உயிரோடு விளையாடுவதுதான். பிள்ளைகளைத் தள்ளவும் விடாதீர்கள். தள்ளுகிறவரின் கால் சில்லுக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறது. அத்தோடு, டீசல் வராத வண்டியை எவ்வளவு தூரம் தள்ளினாலும் அது ஸ்டார்ட் ஆகப் போவதில்லை.

கராஜுக்குப் போகும்போது

ஒரு பழைய கொப்பியில் நான்கு விசயம் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது கஷ்டம் (குளிரிலா, சூட்டிலா), எப்படிச் சுற்றுகிறது, புகை என்ன நிறம், ஹேண்ட் பம்ப் அமுக்கினால் மாற்றம் உண்டா. இந்த நாலு வரியைப் பார்த்ததும் நல்ல பாஸ் சந்தோசப்படுவார். அவருக்கும் வேலை சுருக்கம். "பாஸ், பம்பைக் கழற்ற முந்தி எயாரும் ஹீட்டரும் ஒருக்கா பாருங்க" என்று மரியாதையாகச் சொல்லலாம். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பில்லில் என்ன மாற்றினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

மழை காலம் முடிந்து குளிர் தொடங்க முந்தி, கார்த்திகை மாதத்திலேயே இந்த ஐந்தையும் செய்துவிடுங்கள்: பெட்டரி முனை சுத்தம், ஹீட்டர் பிளக் சோதனை, டீசல் பில்டர் மாற்றம், எயார் பில்டர் சுத்தம், கம்பெனி சொன்ன தடிப்பில் எஞ்சின் ஒயில். தீபாவளிச் செலவோடு இதையும் ஒரு செலவாக எண்ணிக்கொண்டால் தையிலும் மாசியிலும் நிம்மதி.

வீட்டிலுள்ள பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்த விசயங்களைச் சொல்லிக் கொடுங்கள். புகையின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியும். கடைசியாக, எல்லோரும் மனதில் வைக்க வேண்டிய ஒன்று: இரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி வந்து, அல்லது ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து, வேனும் மக்கர் பண்ணினால், வண்டியோடு மல்லுக்கட்டி நேரத்தைப் போக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஒருவர் வண்டியைப் பார்க்கட்டும், இன்னொருவர் உடனே போனை எடுக்கட்டும்.